பைத்தானில் நாமே எழுதிய கிளாஸை ஃபார் லூப்பில் ஓடவைப்பது எப்படி?

கேள்வி: நான் எழுதிய கிளாஸின் ஆப்ஜெக்டை ஃபார் லூப்பில் கொடுத்தால், அது இட்டரபிள் (ஒவ்வொன்றாக எடுத்துத் தரக்கூடியது) அல்ல என்று டைப்எரர் வருகிறது. டன்டர் இட்டர், டன்டர் நெக்ஸ்ட் (பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு உள்ள மெத்தடுகள்) இரண்டையும் கிளாஸுக்குள் எழுத வேண்டும் என்கிறார்கள். அது சரியா?

பதில்: பெரும்பாலான கிளாஸ்களுக்கு டன்டர் இட்டர் ஒன்றே போதும். டன்டர் நெக்ஸ்டை அதே கிளாஸுக்குள் எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன். அப்படி எழுதி இரண்டு நாள் தூக்கத்தைத் தொலைத்தவன் நான்.

முதலில் ஃபார் லூப் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். உங்கள் ஆப்ஜெக்டின் டன்டர் இட்டரை ஒரே ஒரு முறை அழைத்து, ஓர் இட்டரேட்டரை வாங்கிக்கொள்கிறது. அதன் பிறகு உங்கள் ஆப்ஜெக்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த இட்டரேட்டரிடம்தான் டன்டர் நெக்ஸ்ட் வழியாக அடுத்தது, அடுத்தது என்று கேட்டுக்கொண்டே போகிறது. தீர்ந்துவிட்டால் இட்டரேட்டர் ஸ்டாப்இட்டரேஷனை எழுப்பும், லூப் நிற்கும். 2001 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பிலிருந்து இதுதான் அடிப்படை ஏற்பாடு. ஆக, இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிப் பொருள்கள். ஒன்று உங்கள் தொகுப்பு. மற்றொன்று, அதில் எதுவரை வந்திருக்கிறோம் என்று நினைவில் வைத்திருக்கும் இட்டரேட்டர்.

சிறுவயதில் புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்திருப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் ஒன்றாக இருக்கலாம். அதைப் படிப்பவர்கள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு இறகு வேண்டும். புத்தகத்தோடு ஒட்டிய ஒரே இறகை இருவரும் நகர்த்தினால், ஒருவர் படித்து முடிக்கும்போது மற்றவருடைய இடம் காணாமல் போயிருக்கும்.

நான் செய்தது அதைத்தான். எதுகை தேடுவதற்காகச் சொற்களின் பட்டியலை வைத்திருக்கும் ஒரு கிளாஸ் எழுதினேன். டன்டர் இட்டரில் நிலை எண்ணைப் பூஜ்யமாக்கி, செல்ஃபையே, அதாவது அந்த ஆப்ஜெக்டையே, திருப்பி அனுப்பினேன். டன்டர் நெக்ஸ்டில் அந்த எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். ஒற்றை லூப்பில் பிரமாதமாக ஓடியது. பிறகு ஒவ்வொரு சொல்லையும் மற்றெல்லாச் சொற்களோடும் ஒப்பிட, லூப்புக்குள் லூப் போட்டேன். நான்கு சொற்கள், பதினாறு ஒப்பீடுகள் வந்திருக்க வேண்டும். நான்குதான் வந்தன. வெளி லூப் முதல் சொல்லை எடுத்தது. உள் லூப் அதே ஆப்ஜெக்டிடம் வந்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நான்கையும் படித்துத் தீர்த்தது. வெளி லூப் இரண்டாவது சொல்லைக் கேட்டபோது, தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. நான் எதுகை விதியில்தான் கோளாறு என்று நினைத்து அதையே திருத்திக்கொண்டிருந்தேன்.

உங்கள் கிளாஸுக்குள் ஏற்கெனவே ஒரு லிஸ்ட் இருக்கிறதென்றால் தீர்வு ஒரே வரி: டன்டர் இட்டருக்குள் அந்த லிஸ்டை இட்டர் செயற்கூறிடம் கொடுத்து, வருவதை ரிட்டர்ன் செய்யுங்கள். ஒவ்வொரு லூப்புக்கும் புதிய இறகு கிடைத்துவிடும்.

உள்ளே இருப்பதை அப்படியே கொடுக்காமல் பிரித்தோ கணக்கிட்டோ கொடுக்க வேண்டுமென்றால் யீல்டைப் பயன்படுத்துங்கள். ரிட்டர்னைப் போல முடித்துவிடாமல், ஒரு மதிப்பைத் தந்துவிட்டு அங்கேயே நின்று, அடுத்ததைக் கேட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அது. நம் மொழிக்கே தேவையான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பைத்தானின் ஸ்ட்ரிங்காக லூப்பில் விட்டால் மூன்று எழுத்துகள் வராது. ஐந்து துண்டுகள் வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் இருப்பதால், ஸ்ட்ரிங் அவற்றைத் தனித்தனியாகவே தருகிறது. கற்க, நிற்க இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ற்’. ஸ்ட்ரிங்கிடம் இரண்டாவதைக் கேட்டால் முதல் சொல்லுக்கு ‘ற’ என்கிறது, அடுத்ததற்கு இகரக் குறியை நீட்டுகிறது. எதுகை எப்படிப் பொருந்தும்?

ஆகவே ‘சொல்’ என்று ஒரு கிளாஸ் எழுதினேன். (3.0 பதிப்பிலிருந்து கிளாஸின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்.) அதன் டன்டர் இட்டரில் நடப்பது இவ்வளவுதான். வெறுமையான ஒரு மாறியை வைத்துக்கொண்டு ஸ்ட்ரிங்கைத் துண்டு துண்டாகப் பார்க்கிறேன். யூனிகோட்டேட்டா மாட்யூலின் கேட்டகரி செயற்கூறு தரும் விடை ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது குறி அல்லது புள்ளி. மாறியில் இருப்பதோடு ஒட்டிவிடுகிறேன். இல்லையென்றால் புதிய எழுத்து தொடங்குகிறது. அதுவரை ஏதாவது சேர்ந்திருந்தால் அதை யீல்ட் செய்துவிட்டு, மாறியில் புதியதை வைக்கிறேன். லூப் முடிந்த பின் மாறியில் மிச்சமிருப்பதையும் யீல்ட் செய்ய வேண்டும். அதை மறந்தால் த, மி இரண்டும் வந்து ‘ழ்’ விழுந்துவிடும். கேட்டகரிக்குப் பதில் கம்பைனிங் செயற்கூறைப் பயன்படுத்தாதீர்கள். அது புள்ளிக்கு 9 என்று தரும், இகரக் குறிக்குப் பூஜ்யம் என்றுதான் தரும். ‘கொ’ போன்றவற்றில் ஒற்றைக்கொம்பும் காலும் சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் இரண்டாகவும் இருக்கும். ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் நார்மலைஸ் செயற்கூறால் முதலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

யீல்ட் இருப்பதால் டன்டர் இட்டர் ஒரு ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய ஜெனரேட்டர் ஆப்ஜெக்ட் பிறக்கும்; நிலையை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். ஸ்டாப்இட்டரேஷனை நீங்கள் எழுப்ப வேண்டியதில்லை. எழுப்பவும் கூடாது: 3.7 முதல் ஜெனரேட்டருக்குள் அதை எழுப்பினால் ரன்டைம்எரர் வரும்.

இந்த ஒரு மெத்தடை எழுதியதும் லிஸ்ட், டியூப்பிள், சார்ட்டட் எல்லாம் உங்கள் ஆப்ஜெக்டை ஏற்றுக்கொள்ளும். ‘இன்’ சோதனையும் வேலை செய்யும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ‘தமிழ்’ என்ற ஸ்ட்ரிங்கில் ‘ம’ இருக்கிறதா என்று கேட்டால் ட்ரூ வரும். என் ‘சொல்’ ஆப்ஜெக்டிடம் கேட்டால் ஃபால்ஸ் வரும். அதில் இருப்பது ‘மி’ அல்லவா! லென், ரிவர்ஸ்ட் இரண்டும் மட்டும் தாமாக வராது.

டன்டர் நெக்ஸ்டைக் கையால் எழுத வேண்டிய இடமும் உண்டு. இடையில் பின்னால் நகர வேண்டும், அடுத்ததை எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் இட்டரேட்டருக்கென்று தனி கிளாஸ் எழுதுங்கள். அந்தக் கிளாஸின் டன்டர் இட்டர் செல்ஃபைத் திருப்புவதுதான் முறை. பழைய பாடங்களில் அடிக்கோடு இல்லாத நெக்ஸ்ட் மெத்தடைப் பார்த்தால் அது பைத்தான் 2-க்கானது. பைத்தான் 3-இல் அது எடுபடாது.

எழுதி முடித்ததும் ஒரே ஆப்ஜெக்டை வைத்து லூப்புக்குள் லூப் ஓட்டி, சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். நான்கு உறுப்புகளுக்குப் பதினாறு சுற்றுகள் வரவில்லையென்றால், உங்கள் டன்டர் இட்டர் எதைத் திருப்புகிறது என்பதை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.