இன்ஜினை ரெண்டு இன்ச் பின்னாடி தள்ளலாமா?

பொள்ளாச்சி பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பை வீட்டு ஷெட்லயே முழுசா பிரிச்சு வேலை பாத்துட்டிருக்காராம், எக்ஸ்டிபி டீசல் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஓவர்ஹால் முடிஞ்சு ரெடி, ஆனா புதுசா வாங்கின தடி ரேடியேட்டரை வச்சா ஃபேன் இடிக்குது, அதனால மவுண்டிங்கை அறுத்து இன்ஜினை ரெண்டு இன்ச் பின்னாடி தள்ளி வெல்ட் பண்ணிடலாமான்னு கேக்குறாரு.

தள்ளலாம் தம்பி. ஆனா ரேடியேட்டருக்காக மட்டும்னா தள்ளாதீங்க. பழைய அளவுலயே ரேடியேட்டருக்கு நல்ல கோர் போட்டு, ஃபேனைச் சுத்தி ஷ்ரவுட் (காத்தை கோர் வழியாவே இழுக்க வைக்கிற கூடு) ஒழுங்கா கட்டினாலே வண்டி சூடாகாது, ஃபேனுக்கும் கோருக்கும் ஒரு இன்ச் இடைவெளி கிடைச்சா தாராளம். வேற காரணமும் இருந்து தள்ளித்தான் ஆகணும்னா மேல படிங்க.

இன்ஜின் எங்க உக்காரணும்னு முடிவு பண்றது, கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்சிலுக்கு சுழற்சியைக் கொண்டு போற ப்ரொபல்லர் ஷாஃப்ட்தான். உங்க ஜீப்ல ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஷாஃப்டுக்குப் பவரைப் பிரிக்கிற பெட்டி) கியர்பாக்ஸோடயே ஒட்டி இருக்கு, அதனால எல்லாம் ஒண்ணா நகரும், பின் ஷாஃப்ட் 50 மிமீ குறையணும், முன் ஷாஃப்ட் 50 மிமீ நீளணும். பின் ஷாஃப்ட் 600 மிமீ, ரெண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 150 மிமீன்னு வச்சுக்குங்க, சாய்வு 14 டிகிரி வரும், அதையே 550 ஆக்கினா 15 டிகிரி தாண்டிடும். ஸ்பிரிங் பட்டை ஏத்தி வண்டியை உசத்தியும் இருந்தா இன்னும் மோசம்.

ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் மடங்குற மூட்டு இருக்கும், அதுதான் கிராஸ். கிராஸ் சாய்வா சுத்தினா ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை ஷாஃப்ட் வேகம் ஏறி இறங்கும். அடுத்த முனை கிராஸும் அதே அளவு சாய்வுல இருந்தாதான் இது அடிபட்டுப் போகும், இல்லன்னா 50, 60 கிமீ வேகத்துல ஃப்ளோர் பூரா அதிரும், நாம வீல் பேலன்ஸ், டயர்னு தேடிட்டே இருப்போம். அதனால ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல ஷாஃப்டை மாட்டுற ஃபிளாஞ்சும், ஆக்சில் ஹவுசிங்ல மாட்டுற பினியன் ஃபிளாஞ்சும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கணும், வித்தியாசம் 1 டிகிரிக்குள்ள இருக்கணும். ஃபிளாஞ்ச் முகத்துல பெயிண்ட், பிசிறு எல்லாம் சுரண்டிட்டு போன்ல ஆங்கிள் காட்டுற ஆப்பை அங்கயே வச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் அதே போனு, அதே பக்கம்.

இதை ஸ்டாண்டுல தொங்கவிட்டு அளக்காதீங்க, பட்டை விரிஞ்சு எல்லா அளவும் பொய் சொல்லும். இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எல்லாம் ஏத்தி நாலு வீலும் தரையில நிக்கும்போதுதான் அளவு. அதனால முதல்ல மவுண்டிங்குக்கு டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் அடிங்க, கியர்பாக்ஸுக்குக் கீழ மரக்கட்டை வச்சு ஏத்தி இறக்கி சாய்வு சரியாகிற வரைக்கும் ஃபுல் வெல்டிங் வேண்டாம். வெல்டிங் அடிக்கும்போது பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயரைக் கழட்டிடுங்க. பெட்ரோல், டீசல் டேங்க் பக்கத்துல இருக்கக் கூடாது, செயின் பிளாக்ல தொங்குற இன்ஜினுக்கு அடியில யாரும் கையோ தலையோ விடக்கூடாது, கூட நிக்கிற பசங்ககிட்டயும் சொல்லிடுங்க.

இன்னொண்ணு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வெளியவே போல்ட் போட்டு ஒண்ணா இறக்குங்க. உள்ள வச்சு சேக்கும்போது கியர்பாக்ஸ் வெயிட் க்ளட்ச் பிளேட் மேல ஒரு நிமிஷம் தொங்கினாலும் பிளேட் நெளிஞ்சிடும், அப்புறம் க்ளட்ச் முழுசா விடாது, கியர் கரகரன்னு விழும்.

டேக் நிலையில பாக்க வேண்டியது: ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் ரப்பர் மேல ஒரு பக்கமா சாயும், அதனால ஃபயர்வாலுக்கு ஒரு இன்ச்சாவது விடுங்க. பள்ளத்துல முன் ஹவுசிங் மேல ஏறினா இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் சம்புல இடிக்குதான்னு ஜாக்கி போட்டுப் பாருங்க. கியர் லீவர், ஃபோர் வீல் லீவர் ஓட்டை ரெண்டு இன்ச் நகரும், க்ளட்ச் லிங்கேஜும் டீசல் பைப்பும் மாறும். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் தடியா ஒரு எர்த் ஒயர் கண்டிப்பா போடுங்க, ரப்பர் கரண்டைக் கடத்தாது.

ஷாஃப்டை வீட்ல அறுத்து ஒட்டாதீங்க, பேலன்சிங் மெஷின் இருக்கிற லேத்துல குடுங்க, ரெண்டு முனையிலயும் கிராஸைப் பிடிக்கிற யோக்கும் ஒரே நேர்ல நிக்கணும்னு சொல்லிக் குடுங்க. ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடுற ஸ்லிப் ஜாயிண்ட்ல வண்டி நிக்கும்போது ஒரு இன்ச்சாவது உள்ள போக இடம் இருக்கணும், பட்டை முழுசா தொங்கினாலும் கழண்டு வரக்கூடாது.

பிற்பாடு ஒரு நாள் டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் இன்ஜின் மாத்தலாமான்னு கடைசியா கேட்டிருக்கீங்க, அது வேற கதை, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுல, அதாவது வண்டியில மாற்றம் பண்றதைப் பத்தின பிரிவுல வரும், இன்ஜினை வாங்குறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ அனுமதியைக் கேட்டுடுங்க.