பழைய டெஸ்க்டாப்புக்கு எந்தப் புராசஸர் வாங்கினால் கொடுத்த காசுக்குத் தகும்?

கேள்வியில் நீங்கள் தந்த விவரம் இவ்வளவு: 2019-ல் அசெம்பிள் செய்த கணினி. ரைசன் 3 2200ஜி புராசஸர், பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒரே ஸ்டிக், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போட்டோஷாப் வேலை, வாரத்துக்கு ஒன்றிரண்டு செல்போன் வீடியோ எடிட்டிங். நண்பர் புதிதாக ஐ5-14400 செட் போடச் சொல்கிறார். கடைக்காரர் பழைய செட் ஒன்றைக் காட்டி "ஐ7 சார், 14,000 ரூபாய்தான்" என்கிறார். கையில் 35,000 இருக்கிறது.

இரண்டும் வேண்டாம். உங்கள் போர்டிலேயே வேறு புராசஸர் ஏறும். எதை ஏற்றுவது என்று சொல்வதற்கு முன், அந்த ஐ7 பற்றிப் பேசிவிடுகிறேன். திண்டுக்கல்லில் 14 வருடமாகக் கணினி அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் அதிகம் பேர் ஏமாறுவது அந்த ஒரு எழுத்திலும் எண்ணிலும்தான்.

ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் எது பெரியது, எது சிறியது என்று சொல்லும் பெயர். தலைமுறை மாறினால் அந்த வரிசை செல்லாது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-4770 என்றால் 4-ஆம் தலைமுறை, 2013-ல் வந்தது. நான்கு கோர் (புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசைகள்). ஐ3-12100 என்றால் 12-ஆம் தலைமுறை, 2022 ஜனவரியில் வந்தது. அதற்கும் நான்கு கோர், எட்டு திரெட்தான். ஆனால் ஒரு கோர் ஒரு நொடியில் முடிக்கும் வேலை இந்த ஒன்பது வருடத்தில் எங்கேயோ போய்விட்டது. இரண்டிலும் ஒரே போட்டோஷாப் ஃபைலைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அந்த ஐ7-ஐ மறுபடி கேட்க மாட்டார்கள். அது உட்காரும் போர்டும் பழையது, ராம் டிடிஆர்3. போர்டு போனால் நல்ல புதுசு கிடைப்பது அரிது, ராம் வேறு எதற்கும் உதவாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். அதனால் 14,000 கொடுத்து வாங்கும் அந்தப் பெட்டிக்கு முன்னால் வழி இல்லை.

உங்கள் 2200ஜி-யும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, மாற்றம் உங்களுக்குத் தேவைதான்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள், பத்து நிமிடம் போதும். வழக்கமாகச் செய்யும் எடிட்டிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் ஓட விடுங்கள். கணினி எந்த இடத்தில் உங்களைக் காக்க வைக்கிறதோ அந்த நொடியில் எந்தக் கோடு மேலே முட்டுகிறது என்று பாருங்கள். மெமரி 95 சதவீதத்தில் நின்று, டிஸ்க் 100-ஐத் தொட்டால், புராசஸர் மாற்றிப் பயனில்லை, ராம்தான் பற்றவில்லை. 8 ஜிபியில் போட்டோஷாப்பும் குரோமும் சேர்ந்து ஓடினால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். புராசஸர் 100-ல் நின்று மற்றவை சும்மா இருந்தால் மட்டும் புராசஸருக்குக் காசு போடுங்கள். என்னிடம் "புராசஸர் மாத்தணும்ணே" என்று வருகிறவர்களில் கணிசமானவர்களை ஒரு ராம் ஸ்டிக்கோ, எஸ்எஸ்டியோ போட்டு அனுப்பியிருக்கிறேன். கணினி இன்னும் ஹார்டு டிஸ்கில்தான் ஓடுகிறது என்றால் எஸ்எஸ்டியை முடித்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

எந்தக் கோடு என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் அக்கா மகன் கதை இருக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கிறான். புது செட் போடும்போது ஐ5-12400 வாங்கலாம் என்றேன். அவன் 12400எஃப் வாங்கினான். அன்றைய விலையில் 2,000 ரூபாய் மிச்சம். கோர், வேகம் எல்லாம் ஒன்றே, எஃப் என்றால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். "கார்டுதான் இருக்கே மாமா, அது எதுக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, எனக்கும் அப்போது மறுக்கத் தோன்றவில்லை.

முதல் முகூர்த்தத்துக்குப் போய்வந்து ஃபுட்டேஜை ப்ரீமியர் எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடியது. தாலி கட்டும் இடத்தில் நாதஸ்வரம் ஓடுகிறது, படம் நிற்கிறது. போய் உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். புராசஸர் கோடு உச்சியில். கிராபிக்ஸ் கார்டு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்ற சின்னக் கட்டத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அவன் கேமரா எழுதுவது எச்.265, 10 பிட், 4:2:2, அதாவது நிறத் தகவல் கூடுதலாக இருக்கும் வீடியோ வகை. அந்த வகை ஃபைலைப் பிரித்துக் காட்டும் வசதி அவனிடம் இருந்த கார்டில் இல்லை. முழுப் பாரத்தையும் ஆறு கோர்களும் சுமந்துகொண்டிருந்தன. 12400-க்குள் இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸுக்கு அந்த வேலை தெரியும். எஃப்-ஐ செகண்ட்ஸில் 1,500 ரூபாய் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு 12400-ஐப் போட்டோம். அதே ஃபைல், அதே இடம்: புராசஸர் கோடு பாதிக்குக் கீழே இறங்கியது, படம் தடையில்லாமல் ஓடியது. மூன்று நாள் இழுத்த வேலையை இப்போது ஒன்றரை நாளில் முடிக்கிறான்.

புராசஸர்களைச் சோதித்து வெளியிடும் மதிப்பெண் அட்டவணைகளில் இந்த இரண்டு புராசஸரும் ஒரே மதிப்பெண்தான் வாங்கும். மதிப்பெண்ணை விலையால் வகுத்துப் பார்த்தால் எஃப்தான் முதலில் வரும். ஏற்கெனவே நல்ல கார்டு வைத்திருக்கும் கேம் ஆடும் பையனுக்கு எஃப் சரியான தேர்வு, அதில் சந்தேகமே இல்லை. இவனுக்குச் சரியில்லை. அந்த அட்டவணைகள் எல்லாக் கோர்களையும் ஒன்றாக ஓட வைத்து மதிப்பெண் போடுவதால், 2014 வாக்கில் வந்த 12 கோர் ஜியான்கூட அங்கே கம்பீரமாகத் தெரியும். சர்வர்களிலிருந்து கழற்றியவை அவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, போட்டோஷாப்பில் ஒரு பிரஷ் இழுத்தால், ஒற்றைக் கோரின் மெதுவு அங்கே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன்.

உங்கள் பி450 போர்டில் இருப்பது ஏஎம்4 சாக்கெட், அதாவது புராசஸர் உட்காரும் இடம். 2017-ல் முதல் ரைசன் வந்த அதே சாக்கெட்டில் ரைசன் 5000 வரிசை வரைக்கும் உட்காரும். பயாஸ் (போர்டை இயக்கும் உள் மென்பொருள்) மட்டும் புதுப்பிக்க வேண்டும். வேறு எந்த வழியிலும் இந்த லாபம் கிடைக்காது. போர்டுக்குக் காசில்லை, இருக்கும் ராமும் வீணாகாது, விண்டோஸைக்கூட மறுபடி போட வேண்டியதில்லை. நண்பர் சொல்லும் ஐ5-14400 நல்ல புராசஸர்தான், ஆனால் அதற்குப் புதுப் போர்டு வேண்டும். அந்த சாக்கெட்டும் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா வேறு சாக்கெட். டிடிஆர்5 போர்டாக எடுத்தால் ராமும் புதுசு. 2025 கடைசியில் ராம் விலை தலைக்கு மேல் ஏறிய பிறகு அந்தக் கணக்கே மாறிப்போனது. புராசஸர் விலை என்று யார் எதைச் சொன்னாலும், அதோடு போர்டு, ராம், கூலர் மூன்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

ஆனால் கடையில் எல்லோரும் சொல்லும் ரைசன் 5 5600-ஐ வாங்கிவிடாதீர்கள். அதில் கிராபிக்ஸ் இல்லை. உங்களிடம் கார்டு இல்லாததால் மானிட்டர் கறுப்பாகவே நிற்கும். உங்களுக்கானது ரைசன் 5 5600ஜி, அல்லது 2024-ல் வந்த 5600ஜிடி. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். உங்கள் 2200ஜி-க்கு நான்கு கோர், நான்கு திரெட்தான். உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5600ஜி-யில் 4.4-க்குப் போகும். நான் கடைசியாக 5600ஜி வாங்கியபோது 12,000 ரூபாயை ஒட்டி இருந்தது. பெட்டியிலேயே கூலர் வரும். 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), ஜி-க்கு 16 எம்பி. கேமில் அந்த வித்தியாசம் தெரியும், உங்கள் வேலையில் பெரிதாகத் தெரியாது. ஜி-யில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டும் எஸ்எஸ்டியும் இணையும் பாதை) 3.0-தான் என்று குறை சொல்வார்கள். உங்கள் பி450-யும் 3.0-தான் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை. செல்போன் வீடியோக்கள் பெரும்பாலும் நிறத் தகவல் குறைந்த 4:2:0 வகை என்பதால் அக்கா மகனுக்கு வந்த சிக்கல் உங்களுக்கு வராது.

இதோடு இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் கட்டாயம் போடுங்கள், இருப்பதன் அதே வேகத்தில். 16 ஜிபி ஆகிறது என்பது ஒரு பக்கம். உள் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ராமையே பயன்படுத்துவதால், இரண்டு ஸ்டிக் இருந்தால்தான் அது முழு மூச்சில் ஓடும். இரண்டையும் சேர்த்தாலும் உங்கள் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மிஞ்சும் என்று நினைக்கிறேன். ராமின் அன்றைய விலையைப் பொறுத்தது.

மாற்றும்போது வரிசை தவறக் கூடாது. போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, 5600ஜி எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஏறும் என்று பாருங்கள். பழைய புராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள், யுபிஎஸ்ஸில் இணைத்துக்கொண்டு. நடுவில் கரண்ட் போனால் போர்டு போய்விடும்.

பிறகு கணினியைப் பத்து நிமிடம் ஓட விட்டு, கூலரில் இருக்கும் பேஸ்ட் இளகிய பின் அணைத்துக் கழற்றுங்கள். நான்கு திருகையும் எடுத்ததும் நேராகத் தூக்காமல் இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ஏஎம்4-ல் 1,331 கால்களும் புராசஸரின் அடியிலேதான் இருக்கின்றன. ஒரு முறை ஜில்லென்று கிடந்த கணினியில் கூலரை நேராக இழுத்தேன். லிவர் பூட்டியபடி இருக்க, காய்ந்த பேஸ்ட்டோடு புராசஸரும் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டது. மூலையில் நான்கு கால்கள் சாய்ந்திருந்தன. 0.5 மைக்ரோ டிப் பென்சிலிலிருந்து லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழல் முனையை ஒவ்வொரு காலிலும் நுழைத்து நிமிர்த்த ஒரு மணி நேரம் ஆனது. ஒரு கால் முறிந்திருந்தாலும் 12,000 போயிருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்கள், போர்டே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: கடைசி எழுத்துக்கும் புது எண்ணுக்கும் எவ்வளவு அதிகம் கேட்கிறார்கள் என்று கணக்குப் போடுங்கள். ஐ3-12100-ன் உச்ச வேகம் 4.3, ஐ3-14100-க்கு 4.7. கோர் எண்ணிக்கை அதே, கேஷ் அதே. வேகம் 9 சதவீதம் கூடுகிறது. விலை 9 சதவீதத்துக்கு மேல் கூடினால் பழையதே போதும். ரைசன் 5 7600-க்கு 5.1, 7600எக்ஸ்-க்கு 5.3. எக்ஸ் பெட்டியில் கூலரும் வராது, சூடும் அதிகம். சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத அறையில் உட்காரும் நமக்கு 65 வாட் புராசஸர் பெரிய நிம்மதி. ஐந்தாறு வருடம் கழித்துப் புராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 (இந்த 7600 உட்காரும் சாக்கெட்) போர்டுக்கு இன்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். இந்தப் பி450-க்குக் கிடைத்த வாய்ப்பு அதற்கும் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

செகண்ட்ஸில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வந்தால் தள்ளி நில்லுங்கள். வோல்டேஜ் கோளாறால் அவற்றில் பல நிலைகுலைந்து, 2024-ல் இன்டெல் வாரண்டியையே இரண்டு வருடம் நீட்டித்தது. பயாஸ் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே சேதமான புராசஸரை அது சரிசெய்யாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போய் வாங்கினாலும் "பாக்ஸ் பீஸா, டிரே பீஸா?" (பெட்டியோடு வருவதா, பெட்டியில்லாமல் உதிரியாக வருவதா) என்று முதலில் கேளுங்கள். டிரே பீஸ் ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும், ஆனால் கூலர் இருக்காது, நிறுவனத்தின் மூன்று வருட வாரண்டியும் கிடைக்காது. பெட்டியில் ஒரு சிறு சன்னல் இருக்கும், அதன் வழியே புராசஸரின் தலையில் அச்சடித்த எழுத்துகள் தெரியும். அதில் 5600ஜி என்றே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணை ஜிஎஸ்டி பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பில் இல்லாம 18 பர்சென்ட் குறைச்சுத் தர்றேன்" என்றால், பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

உங்கள் போர்டின் முழு மாடல் பெயரைக் கருத்தில் போடுங்கள். எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.