ரெஃப்ரெஷர் கோர்ஸ் போனால் போதுமா?

கேள்வி: கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நான். ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியான ரெஃப்ரெஷர் கோர்ஸ் முடித்தும் என் வகுப்பு மாறவில்லை. இதெல்லாம் பதவி உயர்வுக்கு மட்டும்தானா? – வாசகி, அம்பாசமுத்திரம்.

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிகள் பதவி உயர்வுக்கு அதைக் கேட்பது உண்மைதான் அம்மா. ஆனால் வகுப்பு மாறுவது வகுப்பில்தான். பாளையங்கோட்டையில் வேதியியல் நடத்தியபோது, மணி அடிக்கும் முன் அரைத்தாள் கொடுத்து, இன்று எது புரியவில்லை என்று பெயர் போடாமல் எழுதச் சொல்வேன். களக்காடு, நாங்குநேரியிலிருந்து பஸ் ஏறி வரும் தமிழ் வழிப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், தாளில் கொட்டிவிடுவார்கள். ‘மோல்னா என்ன சார்?’ என்று ஒரு தாள். வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அடிப்படை அலகு அது; கேட்டதோ மூன்றாம் செமஸ்டரில்! மறுநாள் முதல் வேலை அதற்குப் பதில் சொல்வதுதான். அப்புறம், நம்பிக்கையான சக ஆசிரியரைக் கடைசி பெஞ்சில் உட்கார வையுங்கள். பிள்ளைகளின் பேனா எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் குறித்துத் தரட்டும்.