அலோகச் சேர்மங்களுக்குப் பெயர் எழுதும்போது மோனோ, டை, ட்ரை எல்லாம் எப்போது போட வேண்டும், எப்போது விட வேண்டும்?

முதலில் சேர்மத்தில் உலோகம் இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் நேரே எண்ணத் தொடங்குவதால்தான் குழப்பமே வருகிறது. கால்சியம் 1, குளோரின் 2 என்றால் வெறும் கால்சியம் குளோரைடு, 'டைகுளோரைடு' வேண்டாம். கால்சியம் அயனியின் மின்சுமை +2, குளோரைடின் மின்சுமை -1. இவை 1:2 என்றுதான் சேர முடியும் என்பதால் பெயரில் எண்ணுக்கு வேலையில்லை.

இரண்டும் அலோகமானால் அந்த வசதி போய்விடுகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1, 1:1, 2:3, 1:2, 2:4, 2:5 என்று பலவிதமாகச் சேர்கின்றன. 2:1 மயக்க மருந்தாகப் பயன்படும் வாயு. 1:2 செம்பழுப்பு நிற நச்சு வாயு. இரண்டையும் 'நைட்ரஜன் ஆக்சைடு' என்றால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. அதனால் அணுக்களின் எண்ணிக்கையைப் பெயரே சொல்லியாக வேண்டும்: முன்னது டைநைட்ரஜன் மோனாக்சைடு, பின்னது நைட்ரஜன் டைஆக்சைடு.

முன்னொட்டுகள் 1 முதல் 10 வரை: மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா, ஹெப்டா, ஆக்டா, நோனா, டெக்கா. முதலில் வரும் தனிமத்தின் பெயர் மாறாது. இரண்டாவது 'ஐடு' என்று முடியும். முதல் தனிமத்துக்கு மோனோ போடும் வழக்கம் இல்லை. கார்பன் மோனாக்சைடுதான், 'மோனோகார்பன் மோனாக்சைடு' அல்ல. ஆனால் முதல் தனிமம் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் முன்னொட்டை விடக்கூடாது.

எந்தத் தனிமம் முதலில் வரும்? எலக்ட்ரான் கவர்திறன், அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன், குறைந்தது முன்னால் என்பது பொதுவான வழி. பாடங்களில் வழங்கும் வரிசை இது: போரான், சிலிக்கான், கார்பன், பாஸ்பரஸ், நைட்ரஜன், ஹைட்ரஜன், கந்தகம், அயோடின், புரோமின், குளோரின், ஆக்சிஜன், ஃபுளூரின். ஆக்சிஜன் கடைசிக்கு முந்தையது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ஃபுளூரினோடு சேரும்போது மட்டும் அது முன்னால் வந்து 'ஆக்சிஜன் டைஃபுளூரைடு' ஆகிறது. வேதிப் பெயரிடும் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசியின் 2005 பரிந்துரை குளோரின், புரோமின், அயோடின் போன்ற மற்ற ஹாலஜன்களையும் ஆக்சிஜனுக்குப் பின்னால் வைத்துவிட்டது. ஆனாலும் 'குளோரின் டைஆக்சைடு' என்ற பழைய பெயர்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது ஒலி. தமிழ்ப் புணர்ச்சியில் இரண்டு உயிர்கள் சந்தித்தால் பொதுவாக நடுவே உடம்படுமெய் வரும். இங்கே ஆக்சைடுக்கு முன்னால் முன்னொட்டின் கடைசி உயிரே விழுந்துவிடுகிறது: மோனோ + ஆக்சைடு மோனாக்சைடு, டெட்ரா + ஆக்சைடு டெட்ராக்சைடு. டை, ட்ரை மாறாது. அயோடைடுக்கு முன்னாலும் எதுவும் விழாது. கார்பன் டெட்ராஅயோடைடு என்றே எழுத வேண்டும். 2005 பரிந்துரைப்படி மோனாக்சைடைத் தவிர மற்றவற்றில் உயிரை விடத் தேவையில்லை. எனவே 'பென்டாக்சைடு', 'பென்டாஆக்சைடு' என்று இரண்டையும் பார்ப்பீர்கள்.

தமிழில் எழுதும்போது இறுதி எழுத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சல்ஃபைடு என்றால் கந்தகம் மட்டும். சல்ஃபைட், சல்ஃபேட் இரண்டிலும் ஆக்சிஜன் உண்டு. டகரத்தில் உள்ள ஓர் உகரம் போனால் சேர்மமே மாறிவிடும்.

விலக்குகள் சில. நீர், அம்மோனியா இவற்றுக்கு வழக்குப் பெயரே போதும். ஹைட்ரஜன் முன்னால் வந்தால் பெரும்பாலும் முன்னொட்டு இல்லாமலே ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஹைட்ரஜன் குளோரைடு என்கிறோம். ஹைட்ரஜன் குளோரைடு வாயு நீரில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பெயரே வேறாகிறது.

பெயரிலிருந்து மூலக்கூறு வாய்ப்பாட்டுக்குத் திரும்பும்போது பலர் சறுக்குவது சுருக்குவதில். டைநைட்ரஜன் டெட்ராக்சைடு 2:4. அதை 1:2 ஆக்கினால் நிறமற்ற ஒரு சேர்மத்தைப் பழுப்பு வாயுவாக மாற்றி எழுதியதாகிவிடும். டைசல்ஃபர் டைகுளோரைடும் 2:2 தான், 1:1 அல்ல. அயனிச் சேர்மங்களில் எளிய விகிதம் போதும். இங்கே மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனையும் வேண்டும்.

'பாஸ்பரஸ் பென்டாக்சைடு' இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது 2:5 என்ற எளிய விகிதத்தை வைத்து வந்த பழைய பெயர். மூலக்கூறில் இருப்பவை 4 பாஸ்பரஸ், 10 ஆக்சிஜன். முறைப்படி டெட்ராபாஸ்பரஸ் டெக்காஆக்சைடு. ஒரு மூலக்கூறின் நிறையைக் கணக்கிடும்போது இந்த 4, 10 எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.