அமீனா வந்து நின்னப்போதான் கேஸே தெரிஞ்சுது! (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: வணக்கம் சார். அட்டைப்பெட்டி யூனிட் வச்சிருக்கேன். முன்னாடி அம்பத்தூர்ல இருந்தது, 2023 கடைசில திருமுடிவாக்கத்துக்கு மாத்திட்டோம். கிராஃப்ட் பேப்பர் ரீல் சப்ளை பண்ற பார்ட்டியோட தகராறு, 20 பி.எஃப்-னு (பர்ஸ்ட் ஃபேக்டர், பேப்பர் கிழியாம தாங்கற பலம்) பில் போட்டு வந்த லோடை டெஸ்ட் பண்ணா 16 தான் வருது, பெட்டியெல்லாம் கஸ்டமர் திருப்பி அனுப்பிட்டாங்க, டெபிட் நோட் போட்டேன், அவர் ஒத்துக்கல. போன வாரம் கோர்ட் அமீனா வந்து மெஷினை ஜப்தி பண்ண ஆர்டர் இருக்குன்னு நிக்கிறார். 11,40,000 ரூபாய், 18% வட்டி தனி, எக்ஸ்பார்ட்டி டிக்ரி (நான் ஆஜராகாமலே குடுத்த தீர்ப்பு) ஆகி எட்டு மாசம் ஆச்சாம். சத்தியமா ஒரு சம்மனும் கைக்கு வரல சார். பழைய ஷெட்டுக்கு ஏதோ தபால் வந்துச்சுன்னு பக்கத்து ஷெட்காரர் இப்போதான் சொல்றார். மெஷின் போயிடுமா?
- திருமுடிவாக்கம் வாசகர்

பதில்: இன்னும் போகல சார், ஆனா கையை கட்டிட்டு இருந்தா போயிடும். அமீனா எந்த தேதில வந்தார்னு முதல்ல எழுதி வைங்க. எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து பண்ண சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 9 ரூல் 13 இருக்கு, அதுக்கு டைம் 30 நாள். பொதுவா டிக்ரி தேதில இருந்து எண்ணுவாங்க, சம்மன் முறையா சார்வு ஆகலைன்னா (உங்களுக்கு வந்து சேரலைன்னா) டிக்ரி பத்தி நீங்க தெரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து எண்ணணும், இது 1963 லிமிடேஷன் சட்டம் ஆர்ட்டிகிள் 123. ஒரு வாரம் ஏற்கெனவே ஓடிடுச்சு. சேஃப்டிக்கு டிலே பெட்டிஷனும் (தாமதத்தை மன்னிக்கச் சொல்ற மனு) கூடவே போட்டுடறது நல்லது.

அபிடவிட் எழுதறதுக்கு முன்னாடி வக்கீலை விட்டு கேஸ் பண்டலை பார்க்கச் சொல்லுங்க. "எனக்கு சம்மனே வரல"ன்னு எல்லாரும்தான் எழுதறாங்க, அதை மட்டும் வச்சு ஒண்ணும் நடக்காது. திரும்பி வந்த ரெஜிஸ்டர்டு கவர் மேல போஸ்ட்மேன் என்ன எழுதியிருக்கார்னு பாருங்க, "லெஃப்ட்"டா (இடம் மாறிட்டார்), "டோர் லாக்டு"ஆ, "இன்டிமேஷன் டெலிவர்டு"ஆ, இல்ல "ரெஃப்யூஸ்டு"ஆ. ரெஃப்யூஸ்டுன்னு இருந்தா கோர்ட் அதை சார்வு ஆன மாதிரிதான் எடுத்துக்கும், அப்போ அந்த கவரை யார் திருப்பி அனுப்பினாங்கன்னு நீங்க விளக்கணும். "லெஃப்ட்"னு இருந்தா உங்களுக்கு பாதி வேலை முடிஞ்சுது. கதவுல ஒட்டினாங்களா, பேப்பர்ல விளம்பரம் குடுத்தாங்களா, அதுக்கு ஆர்டர் வாங்க என்ன சொல்லி அபிடவிட் போட்டாங்கன்னும் பாருங்க.

இங்கதான் உங்க கைல ஒரு நல்ல சீட்டு இருக்குமோன்னு தோணுது. ஷெட் மாத்தின அப்புறம் அந்த சப்ளையர் ஏதாவது லோடு திருமுடிவாக்கத்துக்கே அனுப்பினாரா? அனுப்பியிருந்தா அந்த இன்வாய்ஸும் இ-வே பில்லும் எடுங்க. டெலிவரி அட்ரஸ் புதுசு, சம்மன் அட்ரஸ் பழசு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினா அதுக்கு மேல பேசவே வேணாம். ஜி.எஸ்.டி சர்டிஃபிகேட்ல அட்ரஸ் மாத்தின தேதி, வாடகை அக்ரிமென்ட், ஈ.பி பில் இதெல்லாம் அதுக்கு அடுத்துதான். ஜி.எஸ்.டி-ல அட்ரஸ் மாத்தாம விட்டிருந்தா (நிறைய பேர் விட்டுடறாங்க, 15 நாள்ல மாத்தணும்) எதிர் வக்கீல் அதைத்தான் பிடிப்பார், அதை மறைக்காம முன்னாடியே உங்க வக்கீல்கிட்ட சொல்லிடுங்க. வாட்ஸ்அப்ல "கோர்ட்ல பாத்துக்கறேன்"னு சப்ளையர் அனுப்பியிருந்தா அதையும் சொல்லுங்க. ஏன்னா சார்வுல சின்ன குறை இருந்தாலும், ஹியரிங் தேதி உங்களுக்குத் தெரியும், வர நேரமும் இருந்துச்சுன்னு ஆயிட்டா அந்த குறையை வச்சு மட்டும் டிக்ரியை ரத்து பண்ண முடியாது. "கேஸ் போடறேன்"ங்கற மிரட்டல் ஹியரிங் தேதி ஆகாது, அது வேற.

சம்மன் விஷயத்தை நான் இவ்வளவு இழுக்கறதுக்கு காரணம் இருக்கு. சரக்கு வாங்கின பாக்கி, 3 லட்சத்துக்கு மேல, அதனால இது 2015 வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள்ள வர்ற கேஸ். அதுல எதிர்வாதம் தாக்கல் பண்ண 30 நாள், கோர்ட் மனசு வச்சா 120 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாது, 2019-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அந்த கணக்கு சம்மன் சார்வு ஆன நாள்ல இருந்து ஓடும். சம்மன் சரியா சார்வு ஆச்சுன்னு முடிவாயிட்டா டிக்ரி ரத்தானா கூட உங்க 16 பி.எஃப் கதையை எழுத்துல வைக்க வழி இல்லாம போகலாம், அவங்க சாட்சியை குறுக்கு விசாரணை பண்றதோட நிக்கணும்.

ஆர்டர் 37 சம்மரி சூட்டான்னும் (சீக்கிரமா முடிக்கிற பண வசூல் கேஸ்) பாருங்க. அப்படின்னா ரூல் 13 இல்ல, ஆர்டர் 37 ரூல் 4. அதுல வராததுக்கு காரணம் மட்டும் பத்தாது, வாதாட உங்ககிட்ட விஷயம் இருக்குன்னும் காட்டணும். எதுவா இருந்தாலும் டெஸ்ட் ரிப்போர்ட், டெபிட் நோட், கஸ்டமர் ரிட்டர்ன் சலான் மூணையும் இப்பவே சேர்த்து வைங்க.

மனு போட்டதால ஜப்தி தானா நிக்காது, தனியா ஸ்டே மனு போடணும். கோர்ட் ஒரு தொகை டெபாசிட் பண்ணச் சொல்லலாம், அந்த அதிகாரம் ரூல் 13-லயே இருக்கு. நான் உங்க இடத்துல இருந்தா தகராறு இல்லாத பாக்கி எவ்வளவோ அதை நானே கட்டறேன்னு சொல்லிடுவேன், ஜட்ஜ் முகமே மாறும். அமீனாகிட்ட சண்டை போடாதீங்க, அவர் வேலையை அவர் பார்க்கறார்.

அப்புறம், கேஸுக்கு முன்னாடி சப்ளையர் மீடியேஷனுக்கு (சமரசப் பேச்சு) போனாரான்னு பாருங்க. அவசர ரிலீஃப் கேக்காத கேஸுக்கு அதே வணிக நீதிமன்றச் சட்டம் பிரிவு 12ஏ படி அது கட்டாயம்.

கேள்வி: போன வாய்தாவுக்கு வக்கீல் போகல, "செட் எக்ஸ்பார்ட்டி"ன்னு (எங்க தரப்பு வரலைன்னு) போட்டுட்டாங்க. இன்னும் டிக்ரி ஆகல. 30 நாள் வெயிட் பண்ணலாமா?
- வியாசர்பாடி வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம்மா. டிக்ரி ஆகாத வரைக்கும் ஆர்டர் 9 ரூல் 7, அந்த 30 நாள் கணக்கு உங்களுக்கு இல்ல. அடுத்த வாய்தாவுக்கே தகுந்த காரணம் சொல்லி மனு போடுங்க. வாதம் முடிஞ்சு தீர்ப்புக்கு ஒத்தி வச்சிட்டா இந்த வழி அடைஞ்சுடும். மனு தள்ளுபடி ஆனாலும் அன்னிக்கு கேஸ் எந்த நிலைமைல இருக்கோ அங்கிருந்து கலந்துக்கலாம், யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது. இ-கோர்ட்ஸ் ஆப்ல உங்க பேரைப் போட்டு அடுத்த தேதியை நீங்களே பாருங்க, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா சொல்ற தேதியை மட்டும் நம்பாதீங்க.