நிறுவனங்களின் காலத்தில் ஆய்வு

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியலில் முதுகலை முடிக்கவிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. பெரிய கணினிகளெல்லாம் நிறுவனங்களிடம் இருக்கும்போது பல்கலைக்கழகத்தில் செய்ய என்ன மிச்சம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அப்பாவோ வேலைக்குப் போகச் சொல்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடிப்படையான பெருமொழி மாதிரிகளை அடியிலிருந்து பயிற்றுவிப்பதில் பல்கலைக்கழகத் துறை எதுவும் பெருநிறுவனங்களோடு போட்டியிட முடியாது. அந்த ஓட்டத்தில் சேர்வதுதான் நோக்கமென்றால் நேராக வேலைக்கே போய்விடலாம். ஆனால் இத்துறையின் அடிப்படைகள் பல, சந்தை அவற்றைப் பொருட்படுத்தாத காலத்தில் கல்விக்கூடங்களில் உருவானவை. ஆண்ட்ரூ பார்ட்டோவும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் சட்டனும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியில் தொடங்கிய வலுவூட்டல் கற்றல் (செய்து பார்த்து, கிடைக்கும் பலனைக் கொண்டு இயந்திரம் கற்கும் முறை) ஆய்வுக்கு, கணினி அறிவியலின் உயரிய விருதான டியூரிங் விருது வந்தது 2024ஆம் ஆண்டுக்குத்தான். அதே பார்ட்டோவிடம் முனைவர் பட்டம் பெற்ற பி. ரவீந்திரன் இன்று சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருக்கிறார்.

மிச்சம் என்ன என்பதற்கு விடை உங்கள் மலையிலேயே இருக்கிறது. தோடா, கோத்தா, படுகு, இருளா எனப் பல மொழிகள் நீலகிரியில் பேசப்படுகின்றன. அவற்றில் எழுதப்பட்டது மிகக் குறைவு. மொழியியலாளர் எமனோ 1930களில் இங்கு வந்து, கோத்தர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட கதைகள் 1940களில் நூலாயின. தமிழில் இல்லாத உரசொலிகள் (காற்று உரசி வெளிவரும் ஒலிகள்) பல கொண்ட தோடா மொழியை, தமிழ்ப் பேச்சில் மட்டும் பழகிய கருவி எப்படிப் புரிந்துகொள்ளும்? சில மணி நேர ஒலிப்பதிவிலிருந்து ஓர் இயந்திரம் எவ்வளவு கற்க முடியும், பேசியவர்களின் சம்மதத்தை எப்படிப் பெறுவது, அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளுக்குப் பெரிய கணினிக்கூடம் தேவையில்லை. தோடர்களின் மந்துக்கும் படுகர்களின் ஹட்டிக்கும், அதாவது அவர்களின் ஊர்களுக்கு, திரும்பத் திரும்பப் போகும் பொறுமைதான் தேவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: ஈராண்டு களப்பணியில் கட்டுரை ஒன்றும் வராமல் போகலாம், ஆனால் உங்கள் முன்னேற்றத்தை அவ்வப்போது கூடிப் பார்க்கும் ஆய்வுக்குழு கட்டுரையைத்தான் கேட்கும். ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர் யார் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அப்பாவிடம் கணக்காகவே பேசுங்கள். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால், 2023இல் உயர்த்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாயும், ஈராண்டுக்குப் பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி தனி. மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர்கள் அதற்குள் உங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்பதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். நெறியாளருக்கு எழுதுமுன் அவரிடம் பட்டம் முடித்த இருவரிடமாவது பேசிவிடுங்கள். இடையில் விட்டுச் சென்றவர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் முதலில்.

அன்புடன்