ஹால் செடியில் மாவுப்பூச்சி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஹாலில் ஏழடி உயர ரப்பர் செடி இருக்கிறது. இலைக்காம்பு இடுக்குகளில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிகிறது. செடிக்குக் கீழே டைல்ஸ் தரை பிசுபிசுக்கிறது. வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தோம்; பத்து நாளில் மறுபடி வந்துவிடுகிறது. தொட்டியை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். செடியைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகி, பேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: நிச்சயம் முடியும். வந்திருப்பது மாவுப்பூச்சி. தரையில் பிசுபிசுப்பது, அது சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் இனிப்புக் கழிவு. அப்படியே விட்டால் அதன்மேல் கரும்பூசணம் படரும், எறும்பும் வரும்.

எண்ணெய் அடித்தும் திரும்பி வருவதற்குக் காரணம் முட்டைதான். அந்தப் பஞ்சுக்குள் ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கிறது. மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. ஒரு வாரம், பத்து நாளில் அவை பொரிந்து குஞ்சு வெளியே வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, மெழுகு மூடாத அந்தக் குஞ்சுதான் மருந்துக்குச் சாகும். அதனால் ஒரே தடவை கனமாக அடிப்பதைவிட, வாரம் ஒரு முறை வீதம் ஐந்து வாரம் விடாமல் அடியுங்கள். மூன்றாவது வாரமே செடி சுத்தமாகத் தெரியும். பெரும்பாலோர் நிறுத்திவிடுவதும் அந்த வாரத்தில்தான்.

முதலில் மற்றச் செடிகளைத் தள்ளி வையுங்கள். இலையோடு இலை உரசக் கூடாது. தொட்டி மண்ணையும் தரையையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒவ்வொரு வெள்ளைத் திட்டின் மேலும் அழுத்துங்கள். பஞ்சு கரைந்து உள்ளிருக்கும் பூச்சி பழுப்பு நிறமாகும். முழுச் செடிக்கும் செய்யுமுன் ஒரே ஓர் இலையில் தடவி இரண்டு நாள் பாருங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி இருக்க வேண்டாம். ரப்பர் செடியின் பால் தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தவறவிடும் இடங்கள் மூன்று. நுனியில் புது இலையைச் சுற்றியிருக்கும் சிவப்பு உறை முதலாவது. காய்ந்து சுருண்ட உறைக்குள் குஞ்சுகள் கூட்டமாக இருக்கும், அதை உருவி எடுத்துவிடுங்கள். செடியைக் குச்சியோடு கட்டிய கயிறு இரண்டாவது. அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதுக் கயிறு கட்டுங்கள். தொட்டியின் விளிம்பு மடிப்பும் அடியிலுள்ள ஓட்டையும் மூன்றாவது. ஓட்டை வழியாகத் தெரியும் வேரில் வெள்ளைப் பொடி இருந்தால் பூச்சி வேருக்கும் போய்விட்டது. அப்போது மண்ணை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்து கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புச் சீவல் 5 கிராம். சோப்பை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால்போல் ஆகும்வரை குலுக்கி, பிறகுதான் மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். கடைசியில் தெளிக்கும் இலைக்கு வெறும் எண்ணெயே போய்ச் சேர்ந்து கருகும்.

சேலத்தில் இன்னொரு சிக்கல் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெள்ளைக் கசடாகி ஸ்பிரேயர் மூக்கை அடைக்கும். பூச்சியின் மேலும் வேலை செய்யாது. மேட்டூர் குடிநீரைப் பிடித்துக் கலக்குங்கள். போர் தண்ணீர்தான் என்றால் சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஐந்தாறை ஒரு டம்ளரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய சாறு போதும். அதன் நுரை உப்புத் தண்ணீரிலும் நிற்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம், இலையின் மெழுகையே எடுத்துவிடும். கரப்பான் ஸ்பிரேயும் வேண்டவே வேண்டாம்.

ஏழடிச் செடிக்கு இரண்டு லிட்டராவது பிடிக்கும். மாலையில் ஃபேனை நிறுத்தி, இலையின் அடிப்பக்கம் நனைந்து சொட்டும்படி அடியுங்கள். மறுநாள் காலை ஈரத்துணியால் ஒவ்வோர் இலையையும் இருபுறமும் துடைத்துவிடுங்கள்.

எறும்பு இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். இனிப்புக்காக அது மாவுப்பூச்சியை மேய்த்துக் காவல் காக்கும். 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர் கரைத்துப் பஞ்சில் நனைத்து எறும்புச் சாரியில் வையுங்கள். குழந்தை, நாய், பூனைக்கு எட்டக் கூடாது. இந்த ஐந்து வாரமும் யூரியா, சாணக் கரைசல் எதுவும் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் துளிர் மிருதுவாகிப் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

கேள்வி: எங்கள் பக்கம் மரவள்ளியில் ஒட்டுண்ணிக் குளவி விட்டு மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தினார்கள். அதை வீட்டுச் செடிக்கும் விடலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: விட்டாலும் பயன் இல்லை. ஒவ்வொரு குளவிக்கும் அதற்கான மாவுப்பூச்சி வேண்டும். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டபோது, அதற்கென்றே வெளிநாட்டிலிருந்து தருவித்து 2010-இல் தமிழ்நாட்டில் விட்ட குளவி அசிரோபேகஸ் பப்பாயே. மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சிக்கு அனகைரஸ் லோபேசி. வீட்டுக்குள் வருவதோ பெரும்பாலும் எலுமிச்சை மாவுப்பூச்சி, அல்லது நீண்ட வால் உள்ள வகை. அவற்றை இந்தக் குளவிகள் சீண்டாது.

பல வகை மாவுப்பூச்சிகளைத் தின்பது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு. வீட்டுக்குள் விட்டால் அது வெளிச்சம் தேடி ஜன்னலுக்குப் போய்விடும். ஆனால் திண்ணையிலோ மாடியிலோ உள்ள செடியில் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகுத் திரியோடு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, தொட்டால் வேகமாக நகர்வதாக இருந்தால் அது உங்களுக்கு வேலை செய்ய வந்த புழு. நசுக்கிவிடாதீர்கள், அந்தச் செடிக்கு எண்ணெயும் அடிக்காதீர்கள்.

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து பெரிய மான்ஸ்டெரா தொட்டியைச் சுற்றிக் கொசு மாதிரிச் சின்னக் கருப்பு ஈக்கள். வேப்பெண்ணெய் பாட்டிலும் உறைந்து கிடக்கிறது.
– வாசகி, ஏற்காடு

பதில்: இந்த ஈ இலையைத் தொடாது. அதன் புழு மண்ணின் மேல் இரண்டு அங்குலத்தில் ஈரத்தையும் பூசணத்தையும் நம்பி வாழ்கிறது. அரைகுறையாக மக்கிய காப்பித் தோலைத் தொட்டியில் போட்டிருந்தால் முதலில் அதை வழித்து எடுங்கள். உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் வைத்து மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கருந்தலையோடு கண்ணாடிபோன்ற புழு இருந்தால் சந்தேகமே இல்லை. மலை மூட்டத்தில் மண் காய நாளாகும். விரலை இரண்டு அங்குலம் விட்டு, ஈரம் இல்லாதபோது மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை போதும்.

எண்ணெய் கெடவில்லை, குளிரில் உறைந்திருக்கிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம்.

கேள்வி: ஏ.சி. அறையில் உள்ள அரேக்கா பனையின் இலைகள் வெளிறி, மெல்லிய நூலாம்படை தெரிகிறது. கந்தகத் தூள் அடிக்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இது சிலந்திப்பேன். பூச்சி இனமே இல்லை. அதனால் மாவுப்பூச்சிக்கு வாங்கிய இமிடாக்ளோபிரிட் என்னும் பூச்சிமருந்து இதற்குப் பலிக்காது. கந்தகம் இதைக் கொல்லும். ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினாலும், எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் இலையைச் சுட்டுவிடும். சித்திரைச் சேலத்தில் நினைக்கவே வேண்டாம். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், ஓலையின் அடிப்பக்கம் படும்படி ஷவரில் வேகமாக அலசுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவையாக இரண்டு வாரம். ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். வறண்ட காற்றில்தான் இது பெருகும்.